கசேலின் 5 படங்களும் ஆஸ்கர் வாங்கவில்லை

"அமெரிக்க நடிகர் ஜான் கசேல் நடிச்சது 5 படம், அஞ்சுமே சிறந்த பட ஆஸ்கர் வாங்கிடுச்சு"ன்னு ஒருத்தர் போட்டிருக்கார். அப்படியில்லைங்க. அஞ்சும் பரிந்துரை ஆனது உண்மை. வாங்கினது 3 மட்டும்: காட்ஃபாதர், அதன் இரண்டாம் பாகம், டீர் ஹண்டர். 'தி கான்வர்சேஷன்' தோத்ததே காட்ஃபாதர் இரண்டாம் பாகத்துகிட்டதான்! ரெண்டிலும் கசேல் இருக்கார், ரெண்டுக்கும் கொப்போலாதான் இயக்குநர். அஞ்சாவதான 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்துக்கும் கிடைக்கலை. கசேலுக்கோ ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட வரலை.

"திடீர்னு காட்ஃபாதர்ல முளைச்சவர்"ங்கிறதும் தப்பு. 1968-லேயே நியூயார்க் மேடையில அல் பசினோவோட நடிச்சு ஓபி விருது (நியூயார்க்கின் சின்ன அரங்க நாடகங்களுக்குத் தர்றது) வாங்கினவர். 1976-ல சென்ட்ரல் பார்க்ல மெரில் ஸ்ட்ரீப்போட ஷேக்ஸ்பியர் நாடகம். 1978-ல புற்றுநோயில போனப்போ வயசு 42. டீர் ஹண்டர் அப்போ இன்னும் வெளியாகலை.

அவருக்கு ஆஸ்கர் ஏன் வரலைன்னு எனக்குப் புரியுது. அந்த நடிப்பு கண்ணுல படாது. காட்ஃபாதர்ல அப்பாவை எதிரிங்க தெருவுல சுடும்போது, கசேல் நடிச்ச மகன் ஃப்ரெடோ துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாம தடுமாறி கீழ விட்டுட்டு, நடைபாதை ஓரம் உட்கார்ந்து அழுவானே, அதைப் பாருங்க. 'டாக் டே'யில வங்கிக் கொள்ளைக்காரனா வர்ற கசேல்கிட்ட, தப்பிச்சு "எந்த நாட்டுக்குப் போகணும்?"னு கேட்டா, ரொம்ப யோசிச்சு "வயோமிங்"பார். அது அமெரிக்காவுலேயே இருக்கிற மாநிலம். முகத்துல துளி சிரிப்பு இருக்காது.