கல்குளம், விளவங்கோட்டில் கர்ணம் ஏது?
1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கும் வரை தமிழ்நாடு முழுக்க பரம்பரைக் கர்ணங்கள்தான் ஊர்க்கணக்கைப் பார்த்தார்கள் என்று ஒரு கட்டுரை சொல்கிறது, அந்த 'முழுக்க' எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருந்தாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. இங்கே கர்ணம் இருந்த இடத்தில் பார்வத்தியகாரர், சம்பளம் வாங்கிய சர்க்கார் ஆள். எங்கள் தாத்தா வைத்திருந்த கரம் தீர்த்த (நிலவரி கட்டிய) ரசீது முழுக்க மலையாளம், ஓரமெல்லாம் செல்லரித்து தண்டப்பேர் நம்பர் (நில உடைமையாளரின் கணக்கு எண்) மட்டும் தெளிவாக இருக்கிறது (பட்டா மாற்றப் போனபோது அதை வாசிக்கவே ஆள் தேடி அலைந்தோம்). அப்புறம், பார்வத்தியகாரர் என்றால் கோயில் வேலையா என்று கேட்பவருக்கு: இல்லை, வரி பிரிக்கிற வேலை. என் அம்மா இன்றைக்கும் வி.ஏ.ஓ.வை 'பார்வத்தியாரு' என்றுதான் சொல்வார்.