அனுமதி கேட்டுப் பாடுகிறவனுக்குத்தான் இத்தனை இழுத்தடிப்பா?

நான்கு மாதம்! ஒரே ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடி முறைப்படி வெளியிட நாயாக அலைகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவிலேயே மூன்று பாடகர்கள். எங்கிருந்தோ பாடகர் குரல் இல்லாத கரோக்கே டிராக்கைத் தரவிறக்கி, அதன் மேல் பாடி, மறுநாளே யூடியூப்பில் போட்டுவிடுகிறார்கள். கீழே "உரிமை உரியவர்களுக்கே" என்று ஒரு வரி. அது என்ன மந்திரமா? அடுத்தவன் மோட்டாரை ஓட்டிக்கொண்டு போய், "இது அவனுடையதே" என்று சீட்டில் எழுதி ஒட்டினால் சரியாகிவிடுமா?

நான் ஈப்போவில் ஸ்டூடியோ பிடித்து, கிட்டார், தபேலா எல்லாம் புதிதாக வாசிக்க வைத்துப் பதிவு செய்தேன். பழைய ஒலிப்பதிவுக்காரர் என் மேல் பாய முடியாது. மெட்டுக்கும் வரிகளுக்கும்தான் அனுமதி வேண்டும். யாரிடம் கேட்பது? தயாரிப்பாளர் ஓர் ஆடியோ கம்பெனிக்கு விற்றாராம், அது இன்னொன்றின் கைக்குப் போனதாம். சென்னைக்கு ஆறு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: "உங்கள் கடிதம் கிடைத்தது." அதுவும் தானாகப் போகிற பதில்!

"சட்டத்திலேயே வழி இருக்கே அண்ணே" என்றான் ஒரு தம்பி. இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் போனபின் தொகை கட்டிக் கவர் பண்ணலாம், அதாவது அதே பாட்டை நாமே புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு முன்கூட்டியே கட்டவேண்டும். ஐம்பதாயிரம்! அம்மா, அத்தை, செம்பனை ஆலையில் வேலை செய்யும் மாமா எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டாலும் எனக்கு 500 தேறாது. அதோடு அது இந்தியாவுக்குள் செல்லும் சட்டம்.

அமெரிக்காவில் 1909-லேயே கட்டாய உரிமம் வந்துவிட்டது. உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை, முறைப்படி அறிவித்துக் காசு கட்டினால் போதும். பாட்டை விநியோகிக்கும் தளம் என்னிடம் காசு வாங்கிக்கொண்டு "கவர் உரிமம் முடிந்தது" என்றது. குதித்தேன். அப்புறம் பொடி எழுத்தைப் படித்தால், அமெரிக்காவுக்கு மட்டுமாம்! வீடியோ என்றால் அங்கேயும் தனி அனுமதி வாங்கவேண்டும். அமெரிக்காவில் என் பாட்டை யார் கேட்கப்போகிறார்கள்? கேட்கப்போவது சுங்கை சிப்புட்டும் கோலகங்சாரும்தான்.

"பழைய பாட்டுதானே, உரிமை போயிருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவேண்டாம். படைத்தவர் இறந்தபின் மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60. அதுவரை காத்திருந்தால் எனக்குப் பல் இருக்காது.

நேற்று அந்த மூவரில் ஒருவர் ஒட்டுக்கடையில் எனக்குத் தே தாரிக் வாங்கித் தந்தார். தங்கமான மனிதர், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். "ஏன் தம்பி, பாட்டு இன்னும் வரல? டிராக் வேணும்னா நான் அனுப்பட்டுமா?"