திரையை நான் ஏன் இழுத்துவிட வேண்டும்?

"நல்ல கனமான திரைச்சீலை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே?"

பக்கத்து வீட்டு மாடிச் சுவரில் மாட்டிய ஃபோகஸ் விளக்கு விடியவிடிய என் படுக்கையறைக்குள் அடிக்கிறது என்று யாரிடம் புலம்பினாலும் முதலில் வரும் பதில் இதுதான். இதைச் சொல்லாதவர்கள், "வெளிச்சம்தானே, அதனால் என்ன கெட்டுவிட்டது?" என்கிறார்கள். கேட்டுக்கேட்டுக் காது புளித்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் தன் கழிவுநீர்க் குழாயை என் வாசல் பக்கம் திருப்பிவிட்டால், "வாசலுக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளுங்கள்" என்று யாராவது வாய்கூசாமல் சொல்வார்களா? நள்ளிரவில் ஒலிபெருக்கி அலறினால் புகார் கொடுக்கலாம். புகை வந்தால் சண்டைக்கே போகலாம். வெளிச்சம் வந்தால் மட்டும் நன்றி சொல்ல வேண்டுமாம். இலவசமாகக் கிடைக்கிறதாம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த விளக்கை மாட்டியவர் இருட்டில் தூங்குகிறார். அவருடைய படுக்கையறை மறுபக்கம். விளக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பது அவருக்கு, முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பது எனக்கு. மரியாதையாகப் போய்ச் சொன்னேன். "பாதுகாப்புக்குத்தான், உங்களுக்கும் நல்லதுதானே" என்றார். ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்று வாங்கியபடி தூங்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதை எனக்குச் செய்த உதவியாகவும் கணக்கில் எழுதிக்கொண்டார்.

வெளிச்சத்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கண் பார்ப்பதற்கு மட்டும் உண்டான உறுப்பு என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விழித்திரையில் உருவங்களைக் காட்டும் செல்கள் போக, வெளியே பகலா இரவா என்று உடலுக்குத் தகவல் சொல்லும் தனி வகைச் செல்களும் இருக்கின்றன என்பது 2002-இல் ஆய்வாளர்கள் நிரூபித்த செய்தி. மெலனாப்சின் என்ற நிறமியை வைத்துக்கொண்டு இவை வேலை செய்கின்றன. நீல நிற ஒளிக்குத்தான் இவை அதிகமாகத் துடிக்கும். இவற்றின் நரம்புகள் மூளையில் உடல் கடிகாரம் இருக்கும் இடத்துக்கே நேராகப் போகின்றன. வெளிச்சம் இருக்கிறது என்ற தகவல் போனதும், இரவு வந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு குறைந்துவிடும். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஏதோ தூக்கம் கெட்டவனின் கற்பனை என்று என்னை ஒதுக்குகிறவர்கள் இதையும் ஒதுக்கிவிடட்டும், பார்க்கலாம்.

"கண்ணை மூடிக்கொண்டால் போயிற்று" என்பது அடுத்த அறிவுரை. இமை என்ன இரும்புக் கதவா? அதனூடே வெளிச்சம் உள்ளே போகத்தான் செய்கிறது. 2022-இல் சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளவயதினர் சிலரை ஒரே ஓர் இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்க வைத்தார்கள். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கும் அலகு. மற்றவர்களை மங்கிய இருட்டில் விட்டார்கள். வெளிச்சத்தில் தூங்கியவர்களின் இதயம் இரவு முழுவதும் வேகமாகத் துடித்தது. மறுநாள் காலை அவர்கள் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. ஒரே இரவில் இவ்வளவு. என் அறையில் 100 லக்ஸ் விழுகிறது என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு விழாது. ஆனால் உச்சிக்கு வந்த முழுநிலவே தரையில் தருவது ஏறக்குறைய கால் லக்ஸ்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனித உடல் பழகிய இரவின் உச்சபட்ச வெளிச்சம் அது. அதுவும் மாதத்தில் சில நாட்கள். தெருவிளக்கின் கீழே அதைப்போலப் பல மடங்கு விழுகிறது, எல்லா நாளும், அமாவாசைக்கும் சேர்த்து.

இரவுப்பணியில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுநேர வேலையை, மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடியும் ஆராய்ந்து, அதே இடத்தில்தான் வைத்தது. பக்கத்து வீட்டு விளக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பிழைப்புக்காக ராத்திரியை விட்டுக்கொடுப்பவர்கள் வேறு. வீட்டில் படுத்திருப்பவனிடமிருந்து ராத்திரியைப் பிடுங்குவது வேறு.

முன்பெல்லாம் தெருக்களில் ஆரஞ்சு நிறச் சோடியம் விளக்குகள் இருந்தன. அழகென்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணைக் குத்தாது. பிறகு எல்இடி வந்தது. நீல எல்இடியைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தகுதியான பரிசுதான், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை அந்த நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியவைதான். பூச்சு போதாமல் போனால் நீலம் பீறிட்டு வரும். உடல் கடிகாரத்தை உலுக்கி எழுப்பும் அதே நீலம். மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், மிச்சமும் ஆனது. மிச்சமானதை வைத்து நாம் என்ன செய்தோம்? ஒரு விளக்கு இருந்த இடத்தில் நாலு விளக்கு மாட்டினோம். ஆளே போகாத சந்துக்கு ஒன்று, காலி மனைக்கு ஒன்று, மரத்தின் அடியிலிருந்து கிளையைப் பார்த்து அடிக்க ஒன்று, விளம்பரப் பலகைக்கு ஒரு டஜன். 2012 முதல் 2016 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டபோது, உலகில் இரவில் வெளிச்சமாக இருக்கும் நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் கூடிக்கொண்டே போனது தெரியவந்தது. அந்தச் செயற்கைக்கோளின் கருவிக்கு நீல ஒளி தெரியாது என்பதுதான் வேடிக்கை. நம்மைத் தூங்கவிடாமல் அடிப்பது எதுவோ, அது கணக்கிலேயே வரவில்லை.

தரையில் நின்று வானத்தைப் பார்த்தவர்களின் கணக்கு வேறு மாதிரி வந்தது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் தங்கள் கண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று பதிவு செய்து அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட தகவல்களை 2023-இல் வெளியிட்ட ஆய்வு அலசியது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. எட்டு ஆண்டுக்குள் இரண்டு மடங்கு. 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது 100 தான் மிஞ்சும். மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி கண்ணில் படுவதே இல்லை என்று 2016-இல் வெளியான உலக வரைபடம் காட்டுகிறது. பால்வீதியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிறோம், அழிந்துபோன விலங்கைக் காட்டுவதைப்போல. அது அங்கேயேதான் இருக்கிறது. மறைத்துக்கொண்டு நிற்பது நம் விளக்கு.

எனக்காவது திரைச்சீலை என்று ஒரு வழி இருக்கிறது. கடலாமைக் குஞ்சு எங்கே போய்த் திரை வாங்கும்? மணலுக்குள்ளிருந்து இரவில் வெளியே வரும் குஞ்சுகள், எந்தப் பக்கம் வெளிச்சமான அடிவானம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது கடல் பக்கமாக இருந்தது. இப்போது கரைப்பக்கத்துக் கட்டட விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டி நடக்கின்றன. விடிவதற்குள் காய்ந்தோ, காக்கைக்கு இரையாகியோ, வண்டியில் நசுங்கியோ சாகின்றன.

கோமாளி மீனின் முட்டைகளை இரவிலும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு வானத்தை நோக்கி ஏற்றும் ஒளித்தூண்களை ஏழு ஆண்டுகள் கவனித்த ஆய்வு, வலசை போகும் ஏறத்தாழ 11 லட்சம் பறவைகள் அதனால் பாதிக்கப்பட்டதாக 2017-இல் சொன்னது. வழி தவறி, கத்திக்கொண்டு, அதே வெளிச்சத்தைச் சுற்றிச்சுற்றி வந்தன. ஏழே இரவுகள், ஒரே இடம். வருடம் முழுக்க எரியும் உயரக் கட்டடங்களின் கணக்கை யார் எழுதுவது?

பூச்சிகளைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். விளக்கில் பூச்சி விழுவது சகஜம்தானே என்று. விளக்கின் மேல் மோகம் கொண்டு அவை வருவதாக எழுதாத கவிஞர் இல்லை. மோகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். வானம் எப்போதும் தரையைவிட வெளிச்சம் என்பதால், எது மேல் எது கீழ் என்று அதற்கு இப்படித்தான் தெரியும். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டி, சாய்ந்து, வளைந்து, வெளியேறத் தெரியாமல் சுற்றிக்கொண்டே கிடக்கும். அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2024-இல் இதைக் காட்டினார்கள். நாம் கவிதை என்று நினைத்து ரசித்தது ஒரு பூச்சி மாட்டிக்கொண்டு தவிப்பதை.

மாட்டிக்கொள்வதோடு முடிந்தால் பரவாயில்லை. இங்கிலாந்தில் விளக்கு எரியும் சாலையோரப் புதர்வேலிகளில், விளக்கில்லாத இடங்களைவிட அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவாக இருந்தன. வெள்ளை எல்இடி இருந்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். சுவிட்சர்லாந்தில் இருண்ட புல்வெளிகளில் விளக்கு வைத்துப் பார்த்தபோது, இரவில் பூவுக்கு வரும் பூச்சிகளின் வரவு 62 சதவீதம் குறைந்தது. அதனால் ஒரு செடியில் காய்ப்பும் 13 சதவீதம் குறைந்தது. பகலில் தேனீக்கள் வந்தும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. "வெறும் பூச்சி" என்று சிரிப்பவர்கள் காய்கறி சாப்பிடுவதில்லை போலிருக்கிறது.

இனி அந்தப் பாதுகாப்புக் கதைக்கு வருகிறேன். வெளிச்சம் கூடினால் திருட்டு குறையும் என்று மனதில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 62 உள்ளாட்சிகளின் 14 ஆண்டுத் தரவுகளைப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. தெருவிளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்த இடங்களிலும் மங்கச் செய்த இடங்களிலும் குற்றமோ விபத்தோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள் என்று நான் இதைக் காட்டிக் கேட்கவில்லை. இரவில் தனியாக நடந்து வீடு திரும்புகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், அதை மறுக்கிறவன் மனிதனே இல்லை. அவர்கள் காலடியில் விழ வேண்டிய வெளிச்சம் ஏன் என் தலையணையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. கண்ணுக்கு நேராக அடிக்கும் விளக்கு எதையும் காட்டுவதில்லை. கண்மணி சுருங்கிவிடும், விளக்குக்குப் பக்கத்து நிழல் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அந்த ஃபோகஸ் விளக்குக்குப் பின்னால் ஒருவன் நின்றால் எனக்குத் தெரியவே தெரியாது. திருடனுக்கு அதைவிட வசதியான மறைவிடம் வேறென்ன வேண்டும்?

எதிரே வரும் வண்டிகளின் முகப்பு விளக்கு தனிக் கொடுமை. உயர் ஒளியைப் போட்டுக்கொண்டு நேராகக் கண்ணில் குத்துகிறவன், தனக்குச் சாலை நன்றாகத் தெரிகிறது என்று மகிழ்ச்சியாகப் போய்விடுகிறான். அடுத்த சில விநாடிகள் குருடாகி ஓட்டுவது நான். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

செய்யத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், வானாய்வகத்துக்கு இடைஞ்சல் என்று விளம்பரத் தேடுவிளக்குகளுக்கு 1958-லேயே தடை போட்டது. ஸ்லோவேனியா 2007-இல் ஒளிமாசுக்கென்று தேசிய அளவில் விதிகள் கொண்டுவந்தது. பிரான்ஸில் 2013 முதல் கட்டட முகப்பு விளக்குகளை இரவு ஒரு மணிக்குள் அணைத்தாக வேண்டும். அலுவலகத்தில் கடைசி ஆள் வெளியேறி ஒரு மணி நேரத்துக்குள் உள்விளக்குகளும் அணைய வேண்டும். அங்கே யாரும் இருட்டில் முட்டிமோதிச் சாகவில்லை.

விற்பவர்களையும் விடக்கூடாது. விளக்குப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை வாட், எத்தனை ஆண்டு உழைக்கும், எவ்வளவு தூரம் அடிக்கும் என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். நிறவெப்பம் 6,500 கெல்வின், பகல் வெளிச்சம் என்று போட்டிருக்கிறார்கள். இந்தக் கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சத்தில் நீலம் கூடும். ராத்திரியில் மாட்டப் போகும் விளக்குக்குப் பகல் வெளிச்சம் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. தெருவிளக்குகள் 3,000 கெல்வினைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது. மேல்நோக்கி எவ்வளவு வெளிச்சம் வீணாகும், பக்கவாட்டில் எவ்வளவு சிதறும் என்று ஒரு வரி? கிடையாது. தலையில் ஒரு மூடி வைத்துக் கீழ்நோக்கி மட்டும் அடிக்கும்படி செய்தால், குறைந்த வாட்டிலேயே தரை அதே அளவு தெரியும். அப்புறம் பெரிய வாட் விளக்கை எப்படி விற்பது?

புகையும் பிளாஸ்டிக்கும் இன்று நிறுத்தினாலும் கழிய ஆண்டுக்கணக்காகும். வெளிச்சம் அப்படியில்லை, சுவிட்சைத் தட்டிய நொடியில் போய்விடும். நியூயார்க் ஒளித்தூண்களைச் சிறிது நேரம் அணைத்தபோது, சுற்றிக்கொண்டிருந்த பறவைகள் சில நிமிடங்களிலேயே கலைந்து தங்கள் வழியே போய்விட்டன. இவ்வளவு எளிதான ஒன்றைக்கூடச் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

ஆகவே வெளியே விளக்கு மாட்டியிருப்பவர்களே, உங்கள் வீட்டுக்குள் நின்று அதைப் பார்க்காதீர்கள். எதிர்வீட்டு ஜன்னல் இருக்கும் திசைக்குப் போய் நின்று பாருங்கள். கண் கூசினால் ஒரு ஏணியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். திருகாணியைத் தளர்த்தி, விளக்கின் முகத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். ஆள் வந்தால் மட்டும் எரியும் உணர்வியும் கடையில் கிடைக்கிறது. அதற்குப் பிறகும் வெளிச்சம் என் ஜன்னலுக்கு வந்தால், திரைச்சீலை வாங்குவதைப் பற்றி நாம் பேசலாம். பணம் நீங்கள்தான் தர வேண்டும்.