கவர் லெட்டரைப் படிக்கிறவர்கள் இருக்கிறோம்
வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயோடு எழுதும் கவர் லெட்டரை இப்போது யாரும் படிப்பதில்லை, ரெஸ்யூமே மட்டும் போதும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது, விண்ணப்பங்கள் வந்து குவியும் பெரிய ஐடி கம்பெனிகளுக்கு வேண்டுமானால் சரி. சென்னையில் மண்ணடி, ராஜாஜி சாலைப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்களுக்குப் பொருந்தாது. இங்கே எச்.ஆர். என்று தனியாக யாரும் கிடையாது. மெயிலைத் திறப்பதே முதலாளி, இல்லாவிட்டால் என்னைப் போல ஒரு சீனியர். வருகிற ரெஸ்யூமே எல்லாம் ஒரே அச்சு: பி.காம்., டேலி, கடின உழைப்பாளி. தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் மட்டும் மெயிலிலேயே இப்படி நாலு வரி எழுதியிருந்தான்: “அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதால் படிப்பு முடித்த பிறகு இடைவெளி விழுந்துவிட்டது. ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும் என்ற அளவுக்குத் தெரியும், சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தைத் திறந்து பார்த்துப் பழகியிருக்கிறேன். வீடு பக்கம்தான், ராத்திரி வேலை இருந்தாலும் நிற்பேன்.” இதில் எது ரெஸ்யூமேயில் வரும்? உடனே கூப்பிட்டோம். இப்போது ஏற்றுமதி ஃபைல்கள் அவன் கையில்தான். சிபாரிசுக்கு ஆள் இல்லாத வடசென்னைப் பிள்ளைகளிடம் அந்த நாலு வரியையும் எழுதாதே என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர், இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை ஒட்டி அனுப்பினால் போதும் என்கிறார். வேண்டாம் தம்பி, அதில் இருக்கும் வேறு கம்பெனி பெயரை மாற்றாமலே அனுப்புகிறவர்கள் நிறைய, அதற்கு ஒன்றும் எழுதாமல் அனுப்புவதே மேல்.