மான் தினமும் ஒரே தடத்தில் வராது

அண்ணா, “மான் ஒரு தடவை வந்த தடத்திலேதான் தினமும் வரும், அங்கே சுருக்குக் கம்பி கட்டினால் போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

எங்கள் மாந்தோப்பு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து முதலமடையில், பறம்பிக்குளம் காட்டுக்குக் கீழே இருக்கிறது. மானுக்குத் தடம் உண்டு, ஆனால் தீனியும் தண்ணீரும் காற்றும் மாறினால் அதுவும் மாறும். தளிர் விடும்போது இளம் மாங்கன்று வரிசைக்கு வரும். காய் உதிரத் தொடங்கினால் பெரிய மரத்தடிக்கு. காற்று நம் பக்கமிருந்து அடித்தால் வாடை பிடித்து வேறு பக்கம் சுற்றிக்கொள்ளும். புள்ளிமான் கூட்டமாக, பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் மேயும். கடமான் பெரும்பாலும் இரவில், தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வரும். அப்புறம் எப்படி ஒரே கணக்கு?

தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலையில் பாத்தி ஈரத்தைப் பாருங்கள். குளம்புத் தடத்தின் விளிம்பு உடையாமல் கூராக இருந்தால் அது முந்தின இரவில் பதிந்தது. சிறியது புள்ளிமான், நன்றாகப் பெரியது கடமான். ஆட்டுக் குளம்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், முந்தின நாள் அங்கே ஆடு மேய்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கு வைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான். அதில் சிறுத்தை மாட்டினால், அவிழ்க்கப் போகிறவர் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள். மான் கடித்த மாங்கன்றுகளைப் படமெடுத்து வைத்து, வனத்துறையில் பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.