மக்களிடம் யார் கேட்டார்கள்?
கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்த இலங்கை மக்கள் விரும்பவில்லை, அதனால்தான் எந்த அரசாங்கமும் அதில் கைவைக்கவில்லை என்று கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மக்களிடம் யார் கேட்டார்கள்? 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது வன்புணர்வு, குடும்பத்துக்குள் நடக்கும் தகாத உறவு, சிசுவின் கடும் குறைபாடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்புக்கு விலக்குத் தரும் பிரிவும் வரைவில் இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் உருவிவிட்டார்கள். அந்தத் தகாத உறவைக் குற்றமாக்கியதும் இதே திருத்தம்தான். அதாவது தகப்பன் செய்தது குற்றம், ஆனால் மகள் அந்தக் குழந்தையைப் பெற்றே ஆகவேண்டும்! 2017இல் அமைச்சரவை சம்மதித்த வரைவும் கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்த பிறகு அலுமாரிக்குள் போய்விட்டது. இங்கே திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் சைவம், வேதம் (கிறிஸ்தவம்), இஸ்லாம் மூன்றும் உண்டு. கருக்கலைப்பு சரியா என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பாவம் என்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே இப்படி நடந்தால் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி கோயிலுக்குப் போகிற என் மாமியே, "அந்தப் பெட்டை என்ன பாவம் செய்தது?" என்றுதான் கேட்டார். அப்புறம், வன்புணர்வால் உண்டான கருவைக் கலைக்க ஏற்கனவே அனுமதி உண்டு என்று கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் தம்பிக்கு: இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி. மற்றபடி 3 வருடம் வரை சிறை, சிசு அசையத் தொடங்கியிருந்தால் 7 வருடம் வரை, அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.