அவன் கால், அவன் சப்பாத்து

கல்யாண விருந்துக்கு ஹீல்ஸ் போட்டு வந்த ஒரு பையனின் காலைக் காட்டும் அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம். ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு, ஏன், முறுக்கு ஆர்டர் எடுக்க நானே தொடங்கிய குழுவில்கூட அதே வீடியோ. கல்யாணம் யாருக்கு நடந்தது என்பதே ஊருக்கு மறந்துபோய்விட்டது.

அந்தப் பையன் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிய வேண்டாம். வேட்டி, ஜிப்பா, கறுப்பு ஹீல்ஸ். மூன்று அங்குலம் இருக்கும். விருந்துக்கு வந்தான், மொய் கொடுத்தான், சாப்பிட்டான், உருமி அடித்தபோது நாலு பேரோடு சேர்ந்து ஆடினான், போய்விட்டான். நடந்தது இவ்வளவுதான். மேசைக்கடியில் கைப்பேசியை நீட்டி அவன் காலை மட்டும் படமெடுத்து, கோமாளி இசை ஒன்றைச் சேர்த்து ஊர் முழுக்கச் சுற்றவிட்ட மகராசனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேசைக்கடியில் கையை விட்டவன் மானஸ்தன், சப்பாத்து போட்டவன் மானம் கெட்டவன். நல்லா இருக்கு நம்ம நியாயம்.

அவன் கால். அவன் சப்பாத்து. அவன் சம்பளத்தில் வாங்கியது. இதில் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

‘உனக்கு என்ன தெரியும்’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சப்பாத்தைப் பற்றி இந்த ஊரில் வேறு எவரையும்விட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கல்யாணத்துக்கு முன் ஈப்போவில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை பார்த்தவள் நான். விடிகாலையில் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போவார், நான் பஸ் பிடிக்கப் போவேன். நாள் முழுக்க முட்டி போட்டு உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பிடித்த வேலை. ஒருவர் நடந்து வரும் விதத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடுவேன்.

அந்தக் கடையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஒரு வகை வாடிக்கையாளர் வருவார். ஆண். பெரும்பாலும் தனியாக. முதலில் பெல்ட்டைப் பார்ப்பார், அப்புறம் காலுறையைப் பார்ப்பார், அப்புறம்தான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “தங்கச்சி, உள்ளே கொஞ்சம் ஏத்தி வெச்ச மாதிரி ஏதாச்சும் இருக்கா?” இருக்கும். வெளியே பார்த்தால் சாதாரண ஆபீஸ் சப்பாத்து. உள்ளே குதிகால் படும் இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு கட்டை. அதைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நடந்து பார்ப்பார்கள். முதல் தடவை போடும்போது முழங்கால் லேசாக மடங்கும், வயிறு முன்னால் தள்ளும், ஒரு கை தானாகச் சுவரைத் தேடும். இரண்டு நடை நடந்த பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்ப்பார்கள் பாருங்கள், அப்போது முகத்தில் வரும் சந்தோஷத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். பாதிப் பேர் கல்யாண மாப்பிள்ளைகள். பொண்ணு கொஞ்சம் உயரமாக இருக்கும், வேறொன்றுமில்லை.

அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அண்ணன்களே, உங்கள் சப்பாத்து அளவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, ஆண் ஹீல்ஸ் போடுவது பிரச்சினை இல்லை. தோலுக்குள் ஒளித்துப் போட்டால் ஆம்பளை. வெளியே தெரியப் போட்டால் வீடியோ. அந்தப் பையன் செய்த ஒரே தப்பு, நீங்கள் உள்ளே வைத்ததை அவன் வெளியே வைத்தது.

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எழுபதுகளில் எடுத்த ஸ்டூடியோ படம் ஒன்றாவது இருக்கும். பெல்பாட்டம், காதை மூடிய முடி, கால்சட்டைக்குக் கீழே செங்கல் கனத்துக்கு அடித்தட்டு வைத்த சப்பாத்து. எங்கள் சித்தப்பா அப்படித்தான் ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்கிறார். அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துச் செம்மண் பாதையில் எப்படி நடந்தாரோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். அவரை யாராவது படமெடுத்துச் சிரித்தார்களா? ‘ஸ்டைல் மன்னன்’ என்றார்கள். அவரும் நேற்று ஒரு கருத்து எழுதியிருக்கிறார், “காலம் கெட்டுப்போச்சு” என்று. சித்தப்பா, அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது. பதிவேற்றட்டுமா?

‘கலாச்சாரம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. எந்தக் கலாச்சாரம்? என் மகள் ஒரு விஷயம் காட்டினாள். நமக்கெல்லாம் பள்ளிச் சப்பாத்து விற்ற பாட்டா குடும்பத்து அம்மாள் கனடாவின் டொரோண்டோவில் ஒரு காலணி அருங்காட்சியகமே தொடங்கியிருக்கிறார். அங்கே 2015-இல் ஆண்களின் ஹீல்ஸுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். குதிகால் உயர்ந்த காலணியை ஆரம்பத்தில் போட்டவர்கள் பாரசீகக் குதிரை வீரர்களாம். ஓடும் குதிரைமேல் எழுந்து நின்று அம்பு விடும்போது கால் சேணத்தில் தொங்கும் வளையத்தைவிட்டு நழுவாமல் இருக்கக் குதி வேண்டியிருந்தது. அப்புறம் அது ஐரோப்பாவுக்குப் போனது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1701-இல் வரையப்பட்ட படத்தில் சிவப்புக் குதி வைத்த சப்பாத்தோடு தொடை தெரிய நிற்கிறார். அவர் அரண்மனையில் சிவப்புக் குதி பிரபுக்களுக்கு மட்டும்தான். சண்டைக்குப் போகிறவன் போட்டான், அரசன் போட்டான், அப்புறம் ஆண்கள் கழற்றிப் போட்டார்கள், பெண்களுக்கு வந்து சேர்ந்தது. இதில் நம்ம கலாச்சாரம் எங்கே வந்தது? உங்கள் வீட்டுப் பெண்கள் போடுவதும் நம்ம பாட்டி போட்டதில்லை. தைப்பூசத்தில் ஆணிச் செருப்பு போட்டு நடக்கும் பக்தரின் காலில் விழுந்து கும்பிடுகிறோம். அதைவிடவா ஒரு மூன்று அங்குல ரப்பர் குதி கண்ணை உறுத்துகிறது?

இன்னொன்று. ஜிம்மி சூ என்று உலகம் முழுக்கப் பேர் போன ஹீல்ஸ். அந்த மனிதர் பினாங்கில் பிறந்தவர், சப்பாத்து தைக்கும் அப்பாவிடம் தொழில் கற்றவர். இளவரசி டயானாவுக்கே செய்து கொடுத்தவர். அவருக்கு டத்தோ பட்டம் கொடுத்தோம், நம்ம ஊர்க்காரர் என்று மார் தட்டுகிறோம். ஆண் ஹீல்ஸ் செய்தால் டத்தோ. அதையே காலில் மாட்டினால் புலனத்தில் கோமாளி இசை.

‘சின்னப் பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போகும்.’ அதே மண்டபத்தில், அதே மேசைக்கடியில் என்ன போத்தல் வைத்திருந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பிராண்டோடு சொல்லும்.

சட்டம் பேசும் அண்ணனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பெண் உடையை ஆண் அணிவதைக் குற்றமாக்கும் ஷரியா பிரிவுகள் மாநிலங்களில் உண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பிரிவு செல்லாது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் வழக்கு வந்த வழி சரியில்லை என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அது முஸ்லிம்களுக்கான சட்டம். அந்த வழக்கைப் போட்டவர்கள் பட்ட பாடு வேறு, அதை நாம் கிண்டலுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இவனோ நம்ம பையன், வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். வேட்டி எப்போது பெண் உடை ஆனது?

‘அவன் அப்படிப்பட்டவனா?’ இதைத்தான் எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். தெரியாது. கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அப்படிப்பட்டவனாக இருந்தால் மட்டும் அவன் காலைப் படமெடுக்க உங்களுக்கு உரிமை வந்துவிடுமா?

ஒரே ஒரு கருத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஹீல்ஸ் உடம்புக்கு நல்லதில்லை என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். உண்மைதான். எங்கள் கடையில் பெண்கள் ஹீல்ஸோடுதான் நிற்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போன பெண்களை எனக்குத் தெரியும். 2017-இல் பிலிப்பீன்ஸ் அரசாங்கம், வேலையிடத்தில் பெண்களை ஓர் அங்குலத்துக்கு மேல் ஹீல்ஸ் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உத்தரவே போட்டது. ஆனால் பாருங்கள், பெண்களின் கால் வலிக்கு எத்தனை வருஷமாக இந்த ஊரில் ஒருவர் கவலைப்பட்டார்? ஒரு பையன் ஒரு ராத்திரி போட்டதும் எல்லாரும் எலும்பு டாக்டர் ஆகிவிட்டீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது, ஊருக்கே தெரிஞ்சதுதானே” என்றார்.

அவர் என்னைவிட நாலு விரல் குட்டை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஒரு பெரியம்மா என்னைக் கதவு நிலையோரம் நிற்க வைத்துக் கண்ணால் அளந்தார். அம்மா என் காதில் சொன்னார், “கொஞ்சம் குனிஞ்சு நில்லுடி.” கல்யாணத்துக்கு அவர் போட்ட சப்பாத்து எங்கள் கடைச் சப்பாத்துதான், உள்ளே ஏற்றி வைத்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் போதவில்லை என்று படக்காரர் அவர் காலுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு, என் சேலை முந்தானையை இழுத்து அதை மறைத்தார். ஆல்பத்தில் நாங்கள் சம உயரம். அதைப் பார்த்து இன்றுவரை யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ‘கொக்கு’ என்று பேர் வைத்தார்கள். நாள் முழுக்க அடுத்த பெண்களின் காலில் ஹீல்ஸை மாட்டிவிட்டவள், கடை பூட்டும் நேரத்தில் மட்டும் ஒன்றை எடுத்துப் போட்டு, தரைத் துணியைத் தள்ளிக்கொண்டே நாலு அடி நடந்து பார்ப்பேன். கல்யாணம் ஆன பிறகு ஒருமுறை, ஒரே ஒரு முறை, நாத்தனார் பிள்ளைக்குப் பேர் வைக்கும் விசேஷத்துக்கு இரண்டு அங்குலச் செருப்பு போட்டுப் போனேன். பழுப்பு நிறம், கணுக்காலில் மெல்லிய வார். பந்தியில் ஒரு மாமா எல்லார் முன்னாலும் கேட்டார், “என்னம்மா, மாப்பிள்ளையை மறைச்சிடுவே போலிருக்கே?” எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். திரும்பி வரும்போது மோட்டாரில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரம் அந்தச் செருப்பைச் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஓர் அளவு பெரிது, பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். நான் போட்டால் ஆம்பளையை மறைத்துவிடுவேன். அவன் போட்டால் ஆம்பளையே இல்லை. அவர் ஒளித்துப் போட்டால் மரியாதை. எங்கள் கால்களுக்கு யார்தான் கணக்குப்பிள்ளை? 2018-இல் பள்ளிச் சப்பாத்து கறுப்பாக இருக்கட்டும் என்று ஒரு மந்திரி சொன்னதற்கு நாடே சிரித்துத் தீர்த்தது. சப்பாத்தைப் பற்றியெல்லாம் ஒரு அமைச்சர் பேசலாமா என்று கேட்டீர்கள். இப்போது நீங்கள் எல்லாரும் வேறு எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

‘பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு கோபம்’ என்று கீழே எழுதத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். அழிக்க மாட்டேன். ஆனால் என் முறுக்குக் குழுவில் அந்த வீடியோவைப் போட்ட அக்காவுக்கு மட்டும் தீபாவளிக்கு ஆர்டர் கிடையாது. சொல்லிவிட்டேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். வீடியோவில் உன் இடது குதியின் அடி ரப்பரைப் பார்த்தேன், வெளிப்பக்கம் தேய்ந்து ஆணி தெரிகிறது. மண்டபத்து வழுவழுப்புத் தரையில் அதோடு ஆடினாயே, விழாமல் இருந்தது பெரிய விஷயம். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்கி இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் அடுத்த தடவை வாங்கும்போது அரை அளவு கூட்டி எடு. பெண்கள் அளவில் அகலம் பத்தாது, சுண்டுவிரல் அடிவாங்கும். கடைக்குச் சாயந்திரம் போ, காலையில் போகாதே. சாயந்திரத்துக்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு.